நாய்க்கு முட்டி அறுவை முடிந்தது. வலி மாத்திரை யார் கையில்?

வெள்ளிக்கிழமை இரவு மகன் பட்டணத்திலிருந்து தோட்டத்து வீட்டுக்கு வருகிறார். பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று கால்களில் நொண்டும் நாயை மறுநாள் காலை காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறார். மருத்துவர் முட்டியை அசைத்துப் பார்க்கிறார், எக்ஸ்ரே எடுக்கிறார். உள்ளே தசைநார் அறுந்துவிட்டது, அறுவை செய்ய வேண்டும் என்கிறார். சில ஆயிரம் ரிங்கிட் செலவாகும். அண்ணன் தம்பி சேர்ந்து பணம் புரட்டி அறுவையும் நடக்கிறது. நாயைத் திரும்பக் கொடுக்கும்போது ஒரு மருந்துப் பையும் கைக்கு வருகிறது. எதை எப்போது கொடுப்பது என்று மகனிடம் ஐந்து நிமிடம் விளக்குகிறார்கள். ஞாயிறு மாலை மகன் வேலைக்குத் திரும்பிவிடுகிறார். திங்கட்கிழமை காலை முதல் அந்த மாத்திரையைக் கொடுக்கப்போவது அவருடைய அம்மா.

இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை அல்ல. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்க, பெற்றோர் தோட்டத்திலோ சிறு பட்டணத்துத் தாமானிலோ நாயோடு இருக்கும் வீடுகளில் நடக்கக்கூடியது இதுதான். மருத்துவர் சொன்னதைக் கேட்டவர் ஒருவர், மருந்து கொடுப்பவர் இன்னொருவர். அறுவை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், அடுத்த சில வாரங்களில் அந்த நாயின் வயிறும் சிறுநீரகமும் கல்லீரலும் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கின்றன.

அறுவைக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசுவோர் நிறைய. அறுவைக்குப் பிந்திய வலி மருந்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பல வீடுகளில் அது "வலிச்சா குடுக்கலாம், இல்லன்னா வேணாம்" என்ற கணக்கில்தான் இருக்கிறது.

நாய்க்கு முட்டி எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. பின்னங்காலில் வயிற்றை ஒட்டி மடியும் மூட்டுதான் அது. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் முன்னும் பின்னும் வழுக்காமல் பிடித்து வைப்பது உள்ளே குறுக்காக ஓடும் தசைநார். பந்து விளையாடும் மனிதருக்கு ஒரே நொடியில் 'படக்' என்று அறுவது அதே தசைநார். நாய்களில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில், உள்ளுக்குள் நைந்துகொண்டே வந்து, ஒரு நாள் வாசற்படி தாண்டும்போது முழுதாக அறுந்துபோகிறது. லாப்ரடோர், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களில் இது அதிகம். எடை கூடிய எந்த நாய்க்கும் ஆபத்து கூடுதல். தோட்டத்தில் திரிந்த நாட்டு நாயைப் பட்டணத்து வேலிக்குள் அடைத்து மூன்று வேளையும் சோறும் கறியும் போட்டால் அதற்கும் இதே கதிதான். ஒரு காலில் அறுந்த நாய்களில் ஏறத்தாழ பாதிக்குப் பிற்காலத்தில் மறு காலிலும் அறுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

சிறிய நாய்களுக்கு மூட்டின் வெளிப்புறமாகத் தடித்த நைலான் இழை போட்டு இறுக்குவது உண்டு. பெரிய நாய்களுக்கு இன்று பரவலாகச் செய்யப்படுவது வேறு மாதிரியான அறுவை. கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வளைவாக அறுத்து, சற்றே திருப்பி, உலோகத் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துகிறார்கள். அமெரிக்க விலங்கு மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993இல் இந்த முறையை வெளியிட்டார். இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது தோலைக் கிழித்துத் தைத்த காயமல்ல, எலும்பை வேண்டுமென்றே வெட்டிய காயம். எலும்பு கூடுவதற்குச் சுமார் 8 வாரம் பிடிக்கும். தொடக்க நாட்களின் வலி சாதாரணமானதாக இருக்காது.

ஆனால் நாய் அழாது. நாயோடு பழகியவர்களுக்குக்கூட இங்கேதான் கணக்குத் தவறுகிறது. காலை மிதித்தால் கத்தும் நாய், அறுவை வலிக்குக் கத்துவதில்லை. மூலையில் படுத்துக்கொள்ளும். இரவில் தூங்காமல் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும். தையல் போட்ட இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். ஆள் வந்தால் வாலை ஆட்டும், ஆனால் எழுந்திருக்காது. "சத்தம் போடல, வலி இல்ல போல" என்று அம்மா மாத்திரையை எடுத்து வைத்துவிட்டால், நாய் அந்தக் காலைத் தரையில் ஊன்றாது. ஊன்றாத காலில் தொடைச் சதை சில வாரங்களிலேயே வற்றத் தொடங்கும், மூட்டு இறுகும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து பொருத்திய கால் பயன்படாமல் போகும். ஆகவே வலி மருந்து நாயின் சுகத்துக்காக மட்டும் கொடுப்பதல்ல. கால் மறுபடி வேலை செய்யப் பழகுவதற்கும் அதுதான் வழி.

அந்தப் பையில் பெரும்பாலும் இருப்பது வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கும் மருந்து. கார்ப்ரொஃபென், மெலோக்சிகாம், ஃபிரோகாக்சிப் ஆகியவை நாய்களுக்கென்று பரிசோதித்து அனுமதி பெற்ற பெயர்கள். மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காயம்பட்ட இடத்தில் உடல் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் வீக்கத்தையும் வலியையும் ஏற்றுகிறது. இம்மருந்துகள் அது உண்டாவதைத் தடுக்கின்றன. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அதே பொருள் வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. வலியை அடக்கும்போது இந்தக் காவலும் சற்றுத் தளர்கிறது. சரியான நாய்க்குச் சரியான அளவில் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. அளவு கூடினாலோ, இரண்டு மருந்து சேர்ந்தாலோ, சோறு தண்ணீர் இறங்காத நாய்க்குக் கொடுத்தாலோ காவல் முற்றாக விலகிவிடுகிறது.

இனி வீட்டு அலமாரிக்கு வரலாம். பனடோல் இல்லாத வீடு இந்நாட்டில் அரிது. பல்வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் வாங்கிய பொன்ஸ்தான் இரண்டு மிச்சம் இருக்கும். தாத்தாவின் மூட்டுவலிக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக், அண்ணனின் முதுகுவலிக்கு வாங்கிய இபுப்ரொஃபென் என்று ஒரு பிஸ்கட் டின்னே நிறைந்திருக்கும். கிளினிக் மருந்து தீர்ந்துபோய் நாய் மறுபடி நொண்டினால், அடுத்த மருந்து பட்டணத்தில், மகன் வர இன்னும் நான்கு நாள் என்றால், கை தானாக அந்த டின்னுக்குப் போகும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மனிதருக்கே கொடுப்பது நாய்க்கு என்ன செய்துவிடும் என்ற நினைப்புதான்.

என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 10 கிலோ எடையுள்ள நாய் என்று வைத்துக்கொள்வோம். 400 மில்லிகிராம் இபுப்ரொஃபென் மாத்திரை ஒன்றைக் கொடுத்தால் கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஆகிறது. நாயின் வயிற்றில் புண்ணும் ரத்தக் கசிவும் தொடங்கும் அளவு அது. மெலோக்சிகாம் மனிதருக்கும் உண்டு, மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராமில் வரும். அதே 10 கிலோ நாய்க்கு முதல் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு வேண்டியது 1 மில்லிகிராம்தான். மருந்தின் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று தாத்தாவின் சிறிய மாத்திரையைக் கொடுத்தால் ஏழரை மடங்கு. பனடோலில் உள்ள பராசிட்டமோல் வேறு வகை. அது வீக்கத்தைக் குறைப்பதில்லை. அளவு மிஞ்சினால் கல்லீரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் தாக்கும். 5 கிலோ எடையுள்ள சின்ன நாய்க்கு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். அது ஆபத்தின் வாசல். அதே வீட்டில் பூனை இருந்து, அதற்கும் பாதி கொடுத்துவிட்டால் பூனை பிழைப்பது கடினம். பராசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு.

ஒரே மருந்து வெவ்வேறு உயிர்களின் உடலில் வெவ்வேறு நேரம் தங்குகிறது. மனிதர் உடலில் ஒரு நாளுக்குள் பாதி குறைந்துவிடும் நாப்ராக்சென், நாயின் உடலில் பாதி குறைய மூன்று நாள்வரைகூட ஆகும். கல்லீரல் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிய மருந்தை நாயின் குடல் மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. காலை ஒன்று மாலை ஒன்று என்று மனிதக் கணக்கில் கொடுத்தால் உள்ளே அது அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும்.

இந்தியாவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லலாம். மாடுகளுக்கு வலி நீக்கியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக், அந்த மாடுகள் செத்த பின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. மாற்றாக முன்வைக்கப்பட்டது மெலோக்சிகாம். நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சிய கழுகுகளைக் காக்கும் முயற்சியிலும் இந்த மருந்துப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. மாட்டுக்கு மருந்தாக இருந்தது கழுகுக்கு நஞ்சாக இருந்திருக்கிறது. மனிதர், நாய், பூனை விஷயத்திலும் இதே வேறுபாடுதான்.

நாய்க்கென்றே செய்த மருந்துகளும் குற்றமற்று வந்தவை அல்ல. கார்ப்ரொஃபென் மாத்திரை 1997இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது, நொண்டிக் கிடந்த கிழ நாய்கள் எழுந்து நடந்ததைக் கண்டு மக்கள் வியந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கு வெளியான ஒரு மருத்துவ அறிக்கை, கல்லீரல் பாதிக்கப்பட்ட 21 நாய்களைப் பற்றிப் பேசியது. அவற்றில் 13 லாப்ரடோர். பெரும்பாலானவை மருந்தை நிறுத்திச் சிகிச்சை கொடுத்ததும் தேறின. ஆனாலும் பக்கவிளைவுப் புகார்கள் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு ஆயிரக்கணக்கில் குவிந்தன. கோபமாக எழுதியவர்களில் பலருடைய குறை மருந்தைப் பற்றியது மட்டுமல்ல. வாந்தி எடுத்தால் நிறுத்து என்று யாரும் தங்களிடம் சொல்லவில்லை என்பதே அவர்கள் குறை. நாய் உரிமையாளர் கையில் எளிய மொழியில் ஒரு தகவல் தாளும் சேர்ந்தே போக வேண்டும் என்ற நடைமுறை அதன் பிறகுதான் அங்கே வேரூன்றியது.

எளிய மொழி என்றால் எந்த மொழி? இந்நாட்டில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கிளினிக் ஒட்டும் சீட்டில் 'ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்' என்ற அளவுக்கு ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். கொடுக்கக்கூடாத நேரம் எது என்பது அதில் இருக்காது. அதை மருத்துவர் வாயால் சொல்லியிருப்பார், மகனிடம். மகன் அதை அம்மாவிடம் போனில் சொல்லும்போது "மா, சோறு போட்ட பொறவு ஒன்னு குடுங்க, அவ்ளோதான்" என்று சுருங்கிப்போகும். பல கிளினிக்குகளில் தமிழ் பேசும் பணியாளர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேசும் விலங்கு மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய தமிழ் கவுண்டரோடு நின்றுவிடுகிறது, தாளுக்கு வருவதில்லை. நாயை வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் அரைப் பக்கம், அல்லது வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்று அனுப்பினால் கிளினிக்குக்கு ஆகும் செலவு பெரிதல்ல. கேட்கிற வாடிக்கையாளர் இருந்தால் செய்கிற கிளினிக்கும் இருக்கும்.

அந்த அரைப் பக்கத்தில் முதலில் இருக்க வேண்டியது, மருந்தை எப்போது நிறுத்திவிட்டுப் போன் செய்வது என்பது. வாந்தி, சோற்றைத் தொடாமை, தார் போலக் கறுத்த மலம் அல்லது ரத்தம் கலந்த பேதி, வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடிப்பது, ஈறிலோ கண்ணிலோ மஞ்சள், ஆள் கூப்பிட்டும் அசையாத சோர்வு. இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த மாத்திரை கிடையாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் கிடையாது. வயிற்றுப் புண் ஓட்டையாகும்வரை நாய் வாலாட்டிக்கொண்டே இருக்கக்கூடும்.

இந்நாட்டில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இரண்டு ஆபத்துகள் உண்டு.

ஒன்று உண்ணிக் காய்ச்சல். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இந்த மண்ணில் நாய் உண்ணிக்கு ஓய்வே இல்லை. உண்ணி கொண்டுவரும் கிருமிகள் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். வெளியே நாய் நன்றாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட நாயை அறுவை மேசையில் ஏற்றினால் ரத்தம் நிற்காமல் போகலாம். அதற்கு வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய மருந்தையும் கொடுத்தால் உள்ளே கசியும் ரத்தம் அடங்காது. அறுவைக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனை தட்டணுக்களின் எண்ணிக்கையையும் சிறுநீரகம், கல்லீரல் நிலையையும் காட்டும். செலவைக் குறைக்க எதை விடலாம் என்று பேரம் பேசும்போது பலர் முதலில் கைவைப்பது இந்தப் பரிசோதனையில்தான். அதில் கைவைப்பதைவிட வேறு எதில் கைவைத்தாலும் பரவாயில்லை.

இரண்டாவது, சொறிக்குப் போடும் ஊசி. தோல் அரிப்பு இல்லாத நாயை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். அரிப்பை உடனே நிறுத்தப் பலமுறை கொடுக்கப்படுவது பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு, ஊசியாகவோ மாத்திரையாகவோ. அதுவும் முட்டிக்குக் கொடுக்கும் வலி மருந்தும் ஒரே உடலில் சேரக்கூடாது. சேர்ந்தால் வயிற்றுப் புண்ணின் ஆபத்து பல மடங்காகும். முட்டி அறுவை செய்தது பட்டணத்து கிளினிக், சொறிக்கு ஊசி போட்டது வீட்டருகே உள்ள இன்னொருவர். இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது. கடந்த சில வாரங்களில் என்னென்ன ஊசி, மாத்திரை, மாவு, எண்ணெய் கொடுத்தோம் என்பதை மருத்துவரிடம் சொல்லக்கூடியவர் வீட்டிலிருப்பவர் மட்டுமே. "பனடோல் ஒன்னு குடுத்தோம் டாக்டர்" என்று சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. அதை மறைத்தால்தான் நாய்க்கு ஆபத்து. ஒரு வலி மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கே பல மருத்துவர்கள் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி விடுகிறார்கள்.

எண்ணெய் என்றதும் தைலமும் நினைவுக்கு வருகிறது. மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலத்தை நாயின் முட்டியில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாய் அதை நக்கித் தீர்த்துவிடும். தைலத்திலுள்ள கற்பூரமும், ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட்டும் நேராக வயிற்றுக்குள் போகும். மனிதர் தம் காலில் பூசிக்கொண்ட வலி களிம்புகூட வீட்டுப் பிராணிக்கு ஆபத்தாகலாம். ஃபுளூர்பிப்ரொஃபென் களிம்பு பூசியவர்களின் வீட்டில் பூனைகள் நோயுற்றதையும் இறந்ததையும் அமெரிக்க நிர்வாகம் 2015இல் எச்சரிக்கையாகவே வெளியிட்டது. மஞ்சள் கலந்த சோறு கெடுதல் செய்யாது, ஆனால் எலும்பை வெட்டிய வலிக்கு அது போதாது.

மருந்தின் வடிவத்திலும் தவறு நேரும். நாய்க்கான மெலோக்சிகாம் பெரும்பாலும் தேன் சுவையுள்ள நீர் மருந்தாக வருகிறது. பெட்டியோடு ஒரு குழாயும் இருக்கும். அந்தக் குழாயில் உள்ள கோடுகள் மில்லிலிட்டர் அல்ல. பல தயாரிப்புகளில் அவை நாயின் எடையைக் குறிக்கும் கிலோ கோடுகள். 10 என்ற கோடுவரை இழுத்தால் 10 கிலோ நாய்க்கான மருந்து. அந்தக் குழாய் தொலைந்து, பார்மசியில் வாங்கிய சாதாரண ஊசிக்குழாயில் "பத்துன்னு சொன்னாங்களே" என்று 10 மில்லிலிட்டர் இழுத்துவிட்டால் அது பல மடங்கு அளவு. நாய்க்கான நீர் மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம், பூனைக்கானதில் 0.5 மில்லிகிராம். இரண்டு பாட்டிலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மென்று தின்னும் மாத்திரைகளில் இறைச்சிச் சுவை சேர்ப்பது வழக்கம். மாட்டிறைச்சி கையில் தொடாத வீடுகள் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். சுவையற்ற மாத்திரையும் தேன் சுவை மருந்தும் உண்டு. இன்னொரு தொல்லை, அந்தச் சுவைக்காகவே நாய் டப்பாவைக் கடித்து உடைத்து மொத்தத்தையும் தின்றுவிடுவது. தின்றதும் அறுவை செய்த நாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் படுத்திருக்கும் இன்னொன்றாகவும் இருக்கலாம்.

வலி மருந்துக்கு மாற்றாகச் சிலர் டிரமாடோலைக் கேட்கிறார்கள், வயிற்றுக்கு நல்லது என்று. அறுவை நாளில் மற்ற மருந்துகளோடு சேர்த்து அதைப் பயன்படுத்தும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்புவது சரியல்ல. இதே எலும்பு வெட்டும் முட்டி அறுவைக்கு ஆளான நாய்களை வைத்து 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஃபிரோகாக்சிப் பெற்ற நாய்கள் காலை நன்றாக ஊன்றின. டிரமாடோல் மட்டும் பெற்றவற்றுக்குக் கூடுதல் வலி மருந்து தேவைப்பட்டது. மனிதர் உடலில் டிரமாடோலை வலி நீக்கும் பொருளாக மாற்றும் வேலை நாயின் உடலில் சரிவர நடப்பதில்லை.

புதிதாக வந்திருக்கும் மாத ஊசியைப் பற்றியும் கேள்விகள் எழுகின்றன. பெடின்வெட்மாப் என்ற அந்த மருந்து மூட்டுத் தேய்மான வலிக்கானது; அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்றது. தள்ளாட்டம், வலிப்பு உள்ளிட்ட புகார்களைக் குறிப்பிட்டு அமெரிக்க நிர்வாகம் 2024 டிசம்பரில் விலங்கு மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. அறுவைக்குப் பிந்திய வலிக்கென்று அனுமதி பெற்ற மருந்து அல்ல அது. பல ஆண்டு கழித்து அதே முட்டி தேய்ந்து வலிக்கும்போதுதான் அந்தப் பேச்சுக்கு இடம் வரும்.

எத்தனை நாள் கொடுப்பது என்பதில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. நாய் மூன்றாம் நாளே காலை ஊன்றிவிட்டது என்று நிறுத்துபவர்கள் ஒரு பக்கம். மருந்து கொடுத்தால் நன்றாக இருக்கிறதே என்று தாமாகவே வாங்கி இரண்டு மாதம் ஓட்டுபவர்கள் மறுபக்கம். பொதுவாக மருத்துவர்கள் ஒன்று இரண்டு வாரம் கொடுத்து, நாயைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். எட்டு வாரம் இடைவிடாமல் கார்ப்ரொஃபென் கொடுத்த நாய்களில் வெட்டிய எலும்பு கூடுவது மெதுவானதை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. மிச்சமான மாத்திரையை அடுத்த வருடம் இன்னொரு நாய்க்கு வேண்டியிருக்கும் என்று எடுத்து வைப்பதும் வேண்டாம். அந்த நாயின் எடையும் சிறுநீரகமும் வேறு.

வலி போன நாய் ஓடும். இது மருந்தின் வெற்றியும் தலைவலியும் ஒன்றாகச் சேர்ந்தது. தகடு வைத்த எலும்பு இன்னும் கூடவில்லை என்பது நாய்க்குத் தெரியாது. மருந்து சாப்பிட்டு இரண்டாம் வாரம் குரங்கைக் கண்டு வேலியில் பாய்ந்தால் திருகாணி கழன்றுவிடும். தோட்டத்து வீட்டில் சங்கிலியில் கட்டி வைத்தால் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் சங்கிலியின் எல்லைவரை ஓடி வெடுக்கென்று நின்று திரும்பும் நாயின் முட்டிக்கு அது இன்னும் கெடுதல். சிறிய அறை அல்லது கூண்டு, கழுத்தில் குட்டைக் கயிறு, சிறுநீர் கழிக்க மட்டும் நடை. பட்டணத்துத் தாமான் வீடுகளில் பளபளக்கும் மார்பிள் தரைதான் எதிரி. பழைய பாயையோ யோகா விரிப்பையோ நாய் நடக்கும் வழியில் போட்டுவிட்டால் வழுக்காது. விலங்கு நலச் சட்டம் 2015, வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் காக்கப்படுவதை விலங்கின் தேவைகளில் ஒன்றாகவே சொல்லி, அதைக் கவனிக்கும் கடமையை உரிமையாளர்மேல் வைத்திருக்கிறது. கடமை தெரிந்தவர்களுக்கும் வழிமுறை யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பணம் இல்லாத வீடுகளின் நிலையை ஒதுக்கிவிட முடியாது. எல்லோராலும் எலும்பு அறுவைக்குச் செலவிட இயலாது. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனையிலும், மாவட்டங்களில் உள்ள அரசுக் கால்நடைச் சேவை அலுவலகங்களிலும் விசாரித்துப் பார்ப்பது ஒரு தொடக்கம். எடை குறைந்த சிறிய நாய்கள் சில, அறுவை இல்லாமலேயே ஓய்வாலும் எடைக் குறைப்பாலும் மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் வலி மருந்தாலும் ஓரளவு தேறுவதுண்டு. அந்த வழியைத் தேர்ந்தாலும் மருந்து விதிகள் அதேதான். சொல்லப்போனால் நாட்கள் நீள்வதால் இன்னும் இறுக்கமாக.

மகன் ஞாயிறு மாலை கிளம்புமுன் செய்யக்கூடியது சில உண்டு. கிளினிக்கில் விளக்கம் சொல்லும்போதே அம்மாவை வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். நாட்காட்டியில் மருந்து கொடுக்கும் நாட்களை வட்டமிட்டு, கொடுத்ததும் ஒரு கோடு போடச் சொல்லலாம். தாத்தா ஒரு முறை, அம்மா ஒரு முறை என்று இரட்டை மருந்து போவது அதனால் நிற்கும். மருந்து தீரும் நாளைக் கணக்கிட்டு, தீர்வதற்கு முன்பே அடுத்ததைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடலாம். நாய் மருந்தைப் பிஸ்கட் டின்னில் வைக்காமல், நாய்க்கும் பேரப்பிள்ளைக்கும் எட்டாத தனி டப்பாவில் வைத்து, மேலே கறுப்பு மையால் தமிழில் எழுதி ஒட்டலாம்: நாய் மருந்து. சோறு சாப்பிட்டால் மட்டும் ஒன்று. வாந்தி எடுத்தால், மலம் கறுத்தால் கொடுக்காதே. கீழே கிளினிக் எண், பெரிதாக.